மாமாவின் குளிரும் கண்ணாடிப் பஞ்சும்

ஃபஹாஹீல்,
குவைத்.

மரியாதைக்குரிய மச்சான் முரளிதரன் அவர்களுக்கு,

முத்துராமன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் தங்கள் தங்கை வசந்தகுமாரியும் ஸ்வாதியும் நலம். தங்கள் தந்தையார் நலமா என்பதை விளக்கவே இக்கடிதம். போனில் சொன்னால் அவர் காதில் விழும்.

குவைத் என்றால் வருஷம் முழுக்க அடுப்பு என்று நம்பி, மாமா வேட்டியும் விசிறியுமாக ஜனவரியில் வந்து இறங்கினார். எங்கள் வீடோ மொட்டைமாடியில் தகரக் கூரை போட்டது. பாலைவனக் காற்று அடித்தால் தலையணைகூட ஜில்லிட்டுப் போகும். வந்த மறுநாளே, "வசந்தா, எனக்கு டிக்கெட் போடச் சொல்லு" என்றார். சொல்லு என்றது எனக்குத்தான். எங்கள் கல்யாணம் அவருக்குப் பிடிக்காமல் நடந்ததிலிருந்து அவர் என்னிடம் நேராகப் பேசியதில்லை, தங்களுக்குத் தெரியும். கூடத்தில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தால் டி.வி.யைப் பார்த்து, "காப்பி ஆறுது" என்பார். கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்த அப்பா இப்படிப் போய்விட்டால் இனி வரவே மாட்டார் என்று வசந்தா சமையலறையில் நின்று அழுதாள்.

ஆபீஸில் அக்ஷய் சொன்னான்: "சார், ஹீட்டர் சூடெல்லாம் கூரை வழியா ஓடிப்போகுது. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல கண்ணாடிப் பஞ்சு பரப்புங்க, நின்னுடும்." அதைத் தொட்டால் உடம்பெல்லாம் அரிக்கும் என்று மட்டும் சொல்லவில்லை. ஆள் கூப்பிடலாம் என்றாள் வசந்தா. மாமனாருக்கு மருமகன் செய்யாம வேற யார் செய்யறதுன்னு வீறாப்பா, வெள்ளிக்கிழமை காலைல அவ துப்பட்டாவை மூஞ்சில கட்டிக்கிட்டு மேல ஏறிட்டேன் மச்சான். உள்ள நிமிர முடியாது, ஒரே இருட்டு, புறா எச்சம். மரச்சட்டத்து மேலயேதான் தவழணும். முதுகு அரிக்குதேன்னு சொறியக் கையை எடுத்தேன், முழங்கால் வழுக்கி, வலது கால் சீலிங்கைப் பொத்துக்கிட்டுக் கீழ போயிருச்சு. கீழ மாமா இட்லி சாப்பிட்டுக்கிட்டிருக்கார். "அப்பா, யுவர் லெக் இஸ் இன் த ஹால்!"னு ஸ்வாதி கத்துறா. நான் காலை உதற, சாம்பார்ல சீலிங் ஜிப்சம் தூள் கொட்ட, யாரோ என் பாதத்தைக் கெட்டியாப் பிடிச்சாங்க. "மாப்பிள்ளே, ஆட்டாதீங்க! நான் தாங்கிக்கிறேன், மெதுவா இழுங்க!" மாமாதான்! மாப்பிள்ளைன்னு என்னைப் பார்த்தே சொன்னார். சரி, என் காலைப் பார்த்து. எனக்கு மேல கண்ணு கலங்கிருச்சு. பஞ்சுத் தூசின்னும் வச்சுக்கலாம்.

அதுக்கப்புறம் விடுவேனா? மாமா ரூமுக்கு மேல போய், இருந்த பஞ்சு பூராவும் பரப்பிட்டுத்தான் இறங்கினேன். மறுநாள் பயந்துக்கிட்டே கேட்டேன், "குளிர் எப்படி இருக்கு மாமா?"

"குளிரே இல்லையே மாப்பிள்ளே. நல்லாத் தூங்கினேன். டிக்கெட் கிடக்கட்டும்" என்றவர், தேங்காயெண்ணெய் எடுத்துவந்து என் முதுகில் அவர் கையாலேயே தடவிவிட்டார்.

ஆகவே மாமா கோடைவரை இங்கேதான். தங்கள் இல்லத்தில் பெரியவர்களுக்கு எங்கள் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசிகள். எல்லோரையும் முருகன் கதகதப்பாக வைத்திருக்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
முத்துராமன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது காதர் மைதீன் பாய் வந்தார். இதே தகரக் கூரையின்கீழ், பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர்; தடுப்பு சீலிங்கோடு நின்றுவிடும், அதற்கு மேலே எல்லாம் ஒன்றுதான். தன் படுக்கையறை திடீரென்று கதகதப்பாகிவிட்டதே, உங்கள் வீட்டிலும் அப்படியா என்று கேட்டார். டார்ச்சுடன் ஏறிப் பார்த்தேன். காலை இழுத்த பதற்றத்தில் திசை தப்பி, பஞ்சு முழுவதையும் அவர் வீட்டுக்கு மேலே பரப்பியிருக்கிறேன். மாமா அறைக்கு மேல் ஒரு பிடிகூட இல்லை. இறங்கிவந்து கதவைத் தள்ளினால், வசந்தாவின் ஸ்வெட்டரும் ஸ்வாதியின் பூனைக்காதுத் தொப்பியும் போட்டுக்கொண்டு மாமா கட்டிலில் சுருண்டிருந்தார். என்னைக் கண்டதும் தொப்பியைச் சட்டென்று கழற்றினார்.

"குளிரெல்லாம் இல்ல மாப்பிள்ளே. சும்மா, அளவு பார்த்தேன்."