டேப்பண்ணனும் காரோட்டுத் தோள்களும்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் டேப்பண்ணன் கைபடாத உடம்பு ஒன்று உண்டென்றால், அது இன்னும் பிறக்காத உடம்பாகத்தான் இருக்க வேண்டும்.

குன்னத்துகால் சந்திப்பில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். அவருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும். ஆனால் அவர் மகளின் கல்யாண ஓலையைச் சபையில் வாசித்த போதகரே, "நம்முடைய டேப்பண்ணன்" என்று தொடங்கிவிட்டு அப்புறம்தான் இருமினார்.

முன்பு வளைகுடாவில் ஒரு கால்பந்து கிளப்புக்கு பஸ் ஓட்டியவர். அங்கே ஆட்டக்காரர்கள் தோளிலும் தொடையிலும் ஒட்டிக்கொள்ளும் நீலமும் ரோசுமான துணி டேப்பைப் பார்த்துச் சொக்கிப்போனார். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். ஊர் திரும்பும்போது மற்றவர்கள் தங்கமும் தைலமும் கொண்டுவர, இவர் பெட்டி நிறைய டேப்பைக் கொண்டுவந்தார்.

"இத ஒட்டினா தசைக்கு பெலம் கூடும், ஒடம்பு நல்லா வளையும். சயன்ஸ் ஆக்கும் மக்கா," என்பார்.

பஞ்சரான வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால், டியூபைப் பார்க்குமுன் நம் முழங்காலைப் பார்ப்பார். முடி இருந்தால் டேப் பிடிக்காது என்று சவரமும் செய்துவிடுவார். ஒரு போலீஸ்காரர் காற்றடிக்க வந்து, கெண்டைக்காலில் நீள்சதுர வழுக்கையோடு திரும்பிப் போனார். காற்றடிக்க இருவருக்குமே மறந்துவிட்டது.

எங்கள் தெரு லிஜி பிசியோதெரபி படித்து ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள். அவள் ஒருநாள் கடைக்கே வந்து, "அண்ணா, பெலம் ஒண்ணும் பெருசா கூடாது. நோவு கொறச்சு கொறயலாம், ஒரு தைரியம் கிட்டும். அவ்வளவுதான்," என்றாள்.

அண்ணன் சோதனைக்குத் தயாரானார். கிடைத்த உடம்பு என்னுடையது. கூட்டுறவு பாங்கில் நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கும் உடம்பு. காலை நீட்டி உட்கார்ந்து குனிந்தேன். விரல் கணுக்காலோடு நின்றுவிட்டது. தொடைக்குப் பின்னால் டேப்பை ஒட்டியபின் கால்விரலைத் தொட்டேன். அண்ணன் சந்திப்பையே ஒரு சுற்றுப் பார்த்தார்.

லிஜி டேப்பை உரித்துவிட்டு, "இப்பம் குனியுங்க அக்கா," என்றாள். பாதத்தையே பிடித்தேன்.

"கண்டீங்களா அண்ணா? ரெண்டு வாட்டி குனிஞ்சா ஒடம்பு தன்னால எளகும்."

"கண்டேன் பிள்ளே," என்றார் அண்ணன். "எடுத்த பெறவும் அதுக்க பலன் போவல்ல."

இப்படிப்பட்டவர்தான் கயிறு இழுக்கும் எங்கள் பெண்கள் வடம்வலி அணிக்குப் பயிற்சியாளர். அணியின் கடைசி ஆள், வடத்தை உடம்பில் சுற்றிக்கொண்டு நிற்பவள், அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா. போன ஓணத்துக்குப் பக்கத்து ஊரான காரோடு அணி எங்களை இழுத்துச் சேற்றில் போட்டது. அந்த வீடியோவுக்கு யாரோ செண்டைமேளம் சேர்த்து வாட்ஸாப்பில் விட்டார்கள். அக்கா ஒரு வருஷமாகக் காரோடு வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறவில்லை.

இந்த ஓணத்தன்று போட்டி தொடங்கும் நேரம் அண்ணனைக் காணவில்லை. தேடிப் போனால், மைதானத்துக்குப் பின்னால் காரோட்டு அணி வந்த வேனருகில் நிற்கிறார். எதிரணிப் பெண்கள் வரிசையாகத் தோளைக் காட்டிக்கொண்டிருக்க, ஒட்டி முடித்து வெறும் அட்டைச் சுருளைக் கையில் வைத்திருந்தார். எங்களுக்கு ஒரு துண்டு மிச்சமில்லை.

அக்கா நிதானமாகக் கேட்டாள்: "நிங்க ஆருக்க ஆளு?"

"ஒருத்தி தோள தூக்க முடியாம கண்ணு நெறஞ்சு நிக்குதா. அவளுக்க மொகத்த பாத்துட்டு டேப்பு இல்லண்ணு சொல்ல எனக்கு நாக்கு வருமாட்டி? பெறவு மத்தவளுவளும் வந்தாளுவ."

அக்கா திரும்பி மைதானத்துக்கு நடந்தாள். வடத்தைச் சுற்றிக்கொண்டு குதிகாலை மண்ணில் புதைத்தாள். விசில் ஊதியதும் எல்லோரும் வடத்தைப் பார்க்க, அவள் மட்டும் கோட்டோரம் நின்ற புருஷனையே பார்த்துக்கொண்டு இழுத்தாள். அந்தப் பார்வைக்குப் பயந்து முன்னால் நின்ற நாங்களும் இழுத்தோம். நீலமும் ரோசுமான காரோட்டுத் தோள்கள் கோட்டைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து விழுந்தன.

லிஜி விடவில்லை. "அண்ணா, ஒட்டினவங்க தோத்தாச்சு, ஒட்டாதவங்க ஜெயிச்சாச்சு. இப்பம் என்ன சொல்லுதீங்க?"

அண்ணன் வெறும் அட்டைச் சுருளை விரலில் மாட்டி ஒரு சுற்றுச் சுற்றினார். "ஒட்டாம இருந்தா அவிய இதுக்கும் முன்னயே தோத்திருப்பாவ."

அப்போது அந்தத் தோள்வலிக்காரி சேற்றோடு எழுந்து அக்காவிடம் வந்தாள். "தோத்தாலும் சாரமில்ல அக்கா. காலம்பற தலை வார கை மேல எழும்பல்ல. அண்ணன் ஒட்டினதுக்கு பெறவாக்கும் வடத்த பிடிக்கவே முடிஞ்சுது," என்றாள்.

அக்கா அவளையும் பார்த்தாள், புருஷனையும் பார்த்தாள். பிறகு பரிசாகக் கிடைத்த ஏத்தன் வாழைக்குலையில் பெரிய சீப்பாக ஒன்றை வெட்டி அவள் கையில் கொடுத்தாள். அண்ணனிடம், "வீட்டுக்கு வாங்க, சோறு உண்டு," என்று மட்டும் சொன்னாள்.

அந்த இழுப்பில் என் வலது தோள் பிடித்துக்கொண்டது. அண்ணன் தினமும் மாலையில் பாங்கு வாசலில் வந்து நிற்பார். டேப்பை ஒட்டி, பசை பிடிக்க உள்ளங்கையால் சூடு பறக்கத் தேய்த்துவிட்டு, "நோவுதா மக்கா? இப்பம் நோவுதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

தோள் வலி எப்போதோ போய்விட்டது. அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.