இருபத்தெட்டு டயர்களுக்கும் ஒரே நீதி

சமத்துவத்துக்காக உலகில் எத்தனையோ பேர் பாடுபட்டிருக்கிறார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள், சிலர் சிலையானார்கள். ஆனால் அந்த உயர்ந்த லட்சியத்தை மனிதர்களோடு நிறுத்திவிடாமல் ரப்பர் வரைக்கும் கொண்டுசென்ற பெருமை, ஸ்வீடனின் வடக்கே இருக்கும் நொர்ரவீக் நகராட்சி ஒன்றையே சேரும். அங்கே இருபத்தெட்டு டயர்கள், ஒன்றுக்கொன்று ஏற்றத்தாழ்வே இல்லாமல், ஒரே வாரத்தில் மொட்டையாயின. அந்த வரலாற்றில் ராக்னில்ட் என்பவளுக்கும் ஒரு பங்கு உண்டு. நகராட்சி அறிக்கையில் அவள் பெயர் விடுபட்டுப் போனதால் இங்கே சொல்லியாக வேண்டும்.

ராக்னில்டுக்கு ஐம்பத்தேழு வயது. நகராட்சியின் வீட்டுப் பராமரிப்புப் பிரிவில் வேலை. முதியவர்களின் வீடு வீடாகக் காரில் போய் மாத்திரை கொடுப்பது, காலுறை மாட்டிவிடுவது, கஞ்சியைச் சூடாக்குவது, யாரும் இதுவரை கேட்காத கதை என்று சொல்லப்படும் பழைய கதையைக் கேட்பது எல்லாம் அவள் பொறுப்பு. அவளுடைய கார் நான்காம் எண். அவளுடைய கடைசி வீடு ஊருக்கு வெளியே நாலு கிலோமீட்டர் தள்ளி மேட்டின் மேல் இருக்கும் ஹில்டிங்கின் வீடு. ஹில்டிங்குக்குத் தொண்ணூற்றொரு வயது, மரம் வெட்டி ஓய்ந்தவர். கண்ணில் அழுத்தம். காலை பதினொரு மணிக்கும் மாலையிலும் சொட்டு மருந்து விட்டாக வேண்டும். தவறினால் மிச்சமிருக்கும் பார்வையும் போய்விடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கை நடுங்குவதால் அவரே விட்டுக்கொண்டால் மருந்து காதுக்குள் போகும். மிச்சமிருந்த பார்வையில் அவருக்குத் தெரிந்தது இரண்டே விஷயம்: ஜன்னலுக்கு வெளியே தீனிக்கு வரும் சிவப்புக் குருவிகளும், ராக்னில்டின் மூக்கும். இரண்டையும் இழக்க அவருக்கு மனமில்லை.

இனி நகராட்சியின் சாதனைக்கு வருவோம்.

ஆகஸ்ட் மாதத்தில் அலுவலக வாசலில் ஒரு சைக்கிள் நிறுத்துமிடம் திறக்கப்பட்டது. இருபத்து நாலு சைக்கிள் நிற்கலாம். மேலே உயிருள்ள பாசியால் ஆன கூரை. இதற்காக நொர்ரவீக்குக்குப் ‘பசுமைச் சிந்தனை’ விருது கிடைத்தது. கூரை இன்றைக்கும் தளதளவென்று இருக்கிறது. அதன் கீழே ஒரு சைக்கிள் நிற்கிறது. அது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. சங்கிலி துருப்பிடித்து, இருக்கையில் ஒரு பறவை கூடு கட்டியதால், அதுவும் பசுமையில் சேர்ந்துவிட்டது.

சைக்கிளுக்கு இடம் கொடுத்ததில் காருக்கு இடம் குறைந்தது. பராமரிப்புப் பிரிவின் ஏழு கார்களும் இனி வலப்பக்கச் சக்கரங்களை நடைபாதைக் கல்லின் மேல் ஏற்றிப் பாதி மேலும் பாதி கீழுமாக நிற்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்தக் கல் சாதாரணக் கல் அல்ல. வெட்டிய விளிம்போடு ஒரு சாண் உயரத்துக்கு நிற்கும் கருங்கல். ஒரு நாளைக்கு ஆறேழு முறை ஒவ்வொரு காரும் அதில் முட்டி, முனகி, ஏறி, இறங்கியது. அக்டோபரில் எல்லாக் காருக்கும் புதுப் பனிக்கால டயர் மாட்டினார்கள். டிசம்பரில் பார்த்தால் ஏழு காரிலும் முன் வலது டயரின் உள்பக்கம் முழங்கை மாதிரி வழுவழு என்று இருந்தது. மற்ற மூன்று டயரும் கடையில் வாங்கியபடியே இருந்தன.

ராக்னில்ட் காரைத் தூரேயிடம் கொண்டுபோனாள். மரம் அறுக்கும் மில்லுக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் தூரே வாரத்துக்கு இருபது வார்த்தைக்கு மேல் பேசாத ஆள். அன்றைக்கு அந்த வாரக் கணக்கு முழுவதையும் அவளிடம் செலவழித்தான்.

“டயர்ல ஒரு குத்தமும் இல்ல. கல்லுல முட்டி முட்டிச் சக்கரம் கோணிப்போச்சு. அலைன்மெண்ட் பாத்துடலாம், ஒரு மணி நேர வேலை. ஆனா கல்லுல ஏத்தினா மறுபடி கோணும்.”

இதை அவள் அப்படியே எழுதி மேலாளர் ஸ்டெல்லனிடம் கொடுத்தாள். ஸ்டெல்லன் எழுதியதை மதிப்பவர். இரண்டு முறை படித்தார். பிறகு வருத்தத்தோடு, பட்டறைக்காரர் ஒருவர் தனியாக முடிவுக்கு வருவது ஜனநாயகமாகுமா என்று கேட்டார். உடனே ஒரு குழு அமைத்தார். அதற்கு ‘சக்கரச் சமத்துவக் குழு’ என்று பெயர். ஏழு உறுப்பினர்கள், யாரும் பராமரிப்புப் பிரிவின் காரை ஓட்டுபவர்கள் அல்லர். ஓட்டுபவர்கள் இருந்தால் சொந்த அனுபவம் குறுக்கிட்டு நடுநிலைமை கெடும் அல்லவா?

குழு கூடிய விதத்தை இங்கே வணங்கியே சொல்ல வேண்டும். வாசலில் செருப்புத் தட்டில் எல்லாரும் பூட்ஸைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு, கம்பளிக் காலுறையோடு உள்ளே போய் உட்கார்வார்கள். பனியும் உப்பும் தரையைக் கெடுக்கக் கூடாது என்பது அந்த ஊரில் மேலிருந்து கீழ் வரை எல்லாருக்கும் பொதுவான ஒழுங்கு. அப்புறம் காபி, ஏலக்காய் பன். பன் தீர்ந்ததும் ‘சுற்று’: மேசையைச் சுற்றி ஒவ்வொருவரும் டயரைப் பற்றித் தம் மனசுக்கு என்ன தோன்றுகிறது என்று சொல்வார்கள். யாரும் யாரையும் இடைமறிக்க மாட்டார்கள். யாரும் யாரையும் மறுக்கவும் மாட்டார்கள். எல்லாருக்கும் ஒத்துப்போகிற ஒன்று கிடைக்கும் வரை சுற்று தொடரும்.

ஜனவரியில் அது கிடைத்தது. ஸ்டெல்லன் அதை எல்லா ஓட்டுநர்களையும் கூட்டி அறிவித்தார்.

“தேயறது இயற்கை. அதுல யாருக்கும் வருத்தம் இல்ல. ஒரே டயர் மட்டும் தேயுதே, அதுதான் அநியாயம். இனிமே நாலு டயரும் பாரத்தைப் பகிர்ந்துக்கும்.”

கார்களுக்கு ஏற்கெனவே இருந்த மூன்று விதிகளோடு நான்காம் விதி பிறந்தது. அதன்படி ஒவ்வொரு திங்கட்கிழமையும், அதிகம் தேய்ந்ததும் குறைவாகத் தேய்ந்ததும் இடம் மாற வேண்டும். ஒவ்வொரு ஓட்டுநருக்கும் டயரின் பள்ளங்களின் ஆழத்தை அளக்க ஒரு சின்ன அளவுகோல் கொடுக்கப்பட்டது. கூடவே ஒரு படிவம். ‘தேய்மானம்’, ‘காரணம்’, ‘எடுத்த நடவடிக்கை’ என்று மூன்று கட்டம். ராக்னில்ட் முதல் வாரமே ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘கல்’ என்று எழுதினாள். படிவம் திரும்பி வந்தது. கல், விருது பெற்ற சைக்கிள் நிறுத்துமிடத்தின் ஒரு பகுதி என்பதால், அது குழுவின் வரம்புக்குள் வராது என்று அன்போடு குறிப்பு எழுதியிருந்தார்கள். குறிப்பின் ஓரத்தில் ஒரு சிரித்த முகமும் வரைந்திருந்தார்கள்.

திட்டம் பிரமாதமாக வேலை செய்தது. நல்ல டயர் ஒவ்வொன்றும் வரிசையில் வந்து முன் வலப்பக்கம் நின்று தன் தலையைச் சிரைத்துக்கொண்டு போனது. பிப்ரவரி கடைசியில் ராக்னில்ட் அளந்தபோது நாலு டயரும் ஒன்றுபோல் இருந்தன. மற்ற ஆறு காரும் அப்படியே. ஸ்டெல்லன் கண்கலங்கினார் என்று சொல்கிறார்கள். வரைபடம் போட்டுச் சுவரில் ஒட்டினார்; நாலு கோடும் ஒரே கோடாகக் கீழே இறங்கிய அந்தப் படம் இன்னும் அங்கே இருக்கிறது.

மார்ச் முதல் வாரம் வாகன ஆய்வு நிலையத்திலிருந்து வந்தவர் ஏழு காரையும் ஒரு தடவை சுற்றி வந்தார். ஏழுக்கும் ஓட்டத் தடை எழுதினார். இதிலும் எந்தக் காருக்கும் சலுகை காட்டவில்லை. புது டயருக்கு நகராட்சியின் கொள்முதல் வழியாக ஒன்பது வாரம் ஆகும்.

பக்கத்து வீடுகளுக்கு மற்ற ஓட்டுநர்கள் நடந்தே போனார்கள். ஹில்டிங்கின் வீட்டுக்கு நடந்தால் பதினொரு மணி போய் ஒரு மணியாகிவிடும். ராக்னில்ட் தன் வீட்டுக் கொட்டகையிலிருந்து உதைசறுக்கை எடுத்தாள். இரண்டு நீள இரும்புச் சட்டங்களின் மேல் ஒரு நாற்காலி. ஒரு காலைச் சட்டத்தில் ஊன்றிக்கொண்டு மறு காலால் பனியை உதைத்து உதைத்துப் போக வேண்டும். கடைக்குப் போய்வர அது சொகுசு. மேட்டின் மேல் நாலு கிலோமீட்டர், நாளைக்கு இரண்டு முறை என்றால் அது வேறு. அவளுக்கு இடது முழங்கால் பலவீனம், அதனால் எப்போதும் வலது காலாலேயே உதைத்தாள். மூன்றாம் வாரத்தில் வலது பூட்ஸின் அடி தேய்ந்து வழுவழுத்துப் போனது. அவளுக்கு எரிச்சலும் வந்தது, அழுகையும் வந்தது. சொட்டு மட்டும் ஒரு வேளைகூடத் தவறவில்லை.

அந்தப் பயணங்களை நகராட்சி கவனிக்காமல் விடவில்லை. மாத அறிக்கையில் ‘புகையில்லாப் பராமரிப்பு வருகைகள்: நாற்பத்திரண்டு’ என்று ஒரு வரி சேர்த்து மேலிடத்துக்கு அனுப்பியது.

நாலாம் வாரத் திங்கட்கிழமை காலை குழு ராக்னில்டையும் அழைத்தது. பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள். பன் வந்தது. சுற்று வந்தது. கடைசியில்தான் விஷயம் வெளியே வந்தது: ஹில்டிங்கின் வீட்டுக்கு இனி ஆள் போக வேண்டாம், அவர் சமையலறையில் ஒரு கணினித் திரை வைத்துவிடலாம்.

“திரை எப்படிக் கண்ணுல சொட்டு விடும்?” என்று கேட்டாள் ராக்னில்ட்.

“விடாது,” என்றார் ஸ்டெல்லன் நேர்மையாக. “ஆனா சரியா பதினொரு மணிக்கு ஞாபகப்படுத்தும்.”

“அவருக்கு ஞாபகம் நல்லாத்தான் இருக்கு, ஸ்டெல்லன். கைதான் நடுங்குது. நீ ஒரு தடவை வந்து பாரேன்.”

“உன் உணர்வை நாங்க மதிக்கிறோம்.”

மற்ற ஆறு பேரும் தலையாட்டி மதித்தார்கள். காபிக்குப் பிறகு முடிவெடுக்கலாம் என்று ஒருமனதாக முடிவாயிற்று. மணி பத்தைத் தாண்டியிருந்தது. ராக்னில்ட் எழுந்து, சொட்டு விடப் போகணும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

செருப்புத் தட்டில் எட்டு ஜோடி பூட்ஸ் வரிசையாக இருந்தன. தன் வலது பூட்ஸை எடுத்தவள் அதன் அடியைப் பார்த்தாள். பிறகு என்ன தோன்றியதோ, பக்கத்துப் பூட்ஸைத் திருப்பிப் பார்த்தாள். அதற்கடுத்ததையும். பையிலிருந்து அளவுகோலை எடுத்தாள். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக, விதிப்படி மூன்று இடத்தில் வைத்து அளந்தாள். ஏழு ஜோடியும் கடையில் வாங்கியபடியே இருந்தன. ஸ்டெல்லனுடையதில் விலைச்சீட்டின் பசை கூட இன்னும் போகவில்லை. எட்டாவது ஜோடியில் இடது சுமார், வலது பூஜ்யம்.

படிவத்தை எடுத்தாள். ‘தேய்மானம்’ என்ற இடத்தில் எட்டுப் பேரின் அளவையும் ஒழுங்காக எழுதினாள். ‘காரணம்’ என்ற இடத்தில், ‘ஏழு பேர் ஹில்டிங்கின் வீட்டுக்குப் போனதில்லை’ என்று எழுதினாள். மூன்றாவது கட்டத்தில், ‘இன்று திங்கட்கிழமை. நான்காம் விதிப்படி இடம் மாற்றப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஸ்டெல்லன் உயரமான ஆளாக இருந்தாலும் பாதம் சின்னது. அவருடைய பூட்ஸ் அவளுக்கு அளவெடுத்த மாதிரி பொருந்தியது. தன்னுடையதைத் துடைத்து அவர் இடத்தில் வைத்து, படிவத்தை அதில் செருகிவிட்டுக் கிளம்பினாள்.

ஹில்டிங் அவள் படியேறும்போதே தலையைத் தூக்கினார்.

“யாரு அது? ராக்னில்ட் நடை இல்லையே இது. அவ வலது கால் வழுக்கிக்கிட்டே வரும்.”

“நான்தான். பூட்ஸ் வேற. மேலாளரோடது.”

அவர் நாற்காலியில் சாய்ந்து முகத்தை மேலே காட்டினார். முதல் சொட்டு விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

“அப்ப அவன் எதைப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போவான்?”

“என்னோடத.”

“அலுவலக வாசல்ல, நீ சொல்லுவியே, அந்தக் கல்லு இருக்குமே. அது மேல ராத்திரி பனி உறைஞ்சிருக்குமே.”

“உறைஞ்சிருக்கும்,” என்றாள் ராக்னில்ட். “இன்னொரு கண்ணக் காட்டு.”

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் கல் உடைக்கும் இயந்திரத்தோடு நகராட்சி ஆட்கள் வந்துவிட்டார்கள். மத்தியானத்துக்குள் நடைபாதை விளிம்பு சாலையோடு சமமாயிற்று. ஏழு மாதமாக ஏழு கார்கள் முட்டி முட்டிச் சொல்லியும் வரம்புக்குள் வராத கல், ஒரே நாளில் வரம்புக்குள் வந்தது. ஒன்பது வாரத்தில் வர வேண்டிய டயர் நாலு நாளில் வந்தது. தூரே ஒரு மணி நேரத்துக்கு ஒரு கார் என்று அலைன்மெண்ட் பார்த்தான். திரையைப் பற்றி யாரும் அதற்குப் பிறகு பேசவில்லை. ஹில்டிங் சிவப்புக் குருவிகளை இன்னமும் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

குழுவின் இறுதி அறிக்கை இந்த வெற்றியைப் பணிவோடு பதிவு செய்திருக்கிறது. ‘புதிய தரவு கிடைத்ததன் அடிப்படையில்’ கல் அகற்றப்பட்டது என்று அதில் எழுதியிருக்கிறது. தரவு எந்த இடத்தில் கிடைத்தது என்பதை அறிக்கை சொல்லவில்லை. அடுத்த இரண்டு வாரமும் ஸ்டெல்லன் எல்லாக் கூட்டத்தையும் நின்றுகொண்டேதான் நடத்தினார்.