தொடக்கூடாத சிங்கம்

"இறங்குய்யா கீழ. அது என்ன உங்க வீட்டு சோபாவா?"

பூங்காக் கண்காணிப்பாளர் போட்ட சத்தத்தில் புல்வெளியில் படுத்திருந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்தார்கள். கல் சிங்கத்தின் முதுகில் உட்கார்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தவன் மட்டும் அசையவில்லை.

"ஒரே ஒரு போட்டோ சார்."

"எத்தனையோ மழையில நின்னுச்சு, எத்தனையோ சண்டையில நின்னுச்சு. கடைசியில உன் ஒரு போட்டோவுல விழப்போகுது."

பழைய கோட்டையில் மிச்சம் இருந்தவை ஒரு வாசலும் இந்தச் சிங்கமும்தான். பூங்கா பிற்பாடு வந்தது. சிங்கத்தின் இடது காதில் ஒரு விரிசல். தொல்லியல் துறை அதிகாரி அதை நன்றாக ஆட்டிப் பார்த்துவிட்டு, "யாரையும் தொட விடாதீங்க. காது உடைஞ்சா நீங்கதான் பதில் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து கண்காணிப்பாளர் கொதித்துக்கொண்டே இருந்தார். அதற்கு முன்பும் கொதித்துக்கொண்டுதான் இருந்தார்; இப்போது அதற்கு ஒரு காரணம் கிடைத்தது. ஊழியர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் குக்கர்.

முதலில் சிங்கத்தைச் சுற்றிக் கயிறு கட்டினார். குழந்தைகள் அதில் ஊஞ்சல் ஆடினார்கள். கம்பி வேலி போட்டார். வேலியில் கால் வைத்தால் சிங்கத்தின் மேல் ஏறுவது முன்பைவிடச் சுலபமாக இருந்தது. 'தொடாதீர்கள்' என்று போர்டு வைத்தார். எழுத்து சின்னதாக இருந்ததால், வந்தவர்கள் சிங்கத்தின் மேல் சாய்ந்துகொண்டு அதைப் படித்தார்கள்.

ஒரு மாலை, புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று சிங்கத்தின் கழுத்தை ஆளுக்கொரு பக்கம் கட்டிப்பிடித்து நின்றது. கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. கிட்டே போய் மெல்லிய குரலில் சொன்னார்.

"தொடுங்க, நல்லாத் தொடுங்க. தொட்ட புருஷன் பொண்டாட்டி சேர்ந்து வாழ்ந்ததா சரித்திரமே இல்ல."

இரண்டு பேரும் சூடுபட்ட மாதிரி கையை எடுத்தார்கள். திரும்பிப் பார்க்காமல் போனார்கள்.

மறுநாளே பெயின்டரைக் கூப்பிட்டுப் புதுப் போர்டு எழுதச் சொன்னார். 'இச்சிங்கத்தைத் தொடும் தம்பதியர் பிரிவர் என்பது நெடுநாள் நம்பிக்கை.'

"நெடுநாள்னா எத்தனை நாள் சார்?" என்று பெயின்டர் கேட்டார்.

"நேத்துலேர்ந்து. எழுதுய்யா."

அன்று இரவு சாப்பிடும்போது, குழம்பு ஆறிப்போனதற்கும் தண்ணீர் வைக்காததற்கும் ஒரு பாட்டம் கத்தி முடித்துவிட்டு, மனைவியிடம் பெருமையாகச் சொன்னார்.

"ஒரே ஒரு வரி. ஒருத்தன் கிட்ட வரல."

"அப்படியா" என்றாள் அவள்.

சில நாட்கள் சிங்கம் நிம்மதியாக இருந்தது. அப்புறம் ஒரு காலை பூங்கா திறப்பதற்கு முன்பே வாசலில் வரிசை நின்றது.

"எதுக்கு இவ்வளவு கூட்டம்?" என்று வாட்ச்மேனிடம் கேட்டார்.

"தொடறதுக்கு சார்."

"போர்டைப் படிக்கலையா?"

"படிச்சுட்டுத்தான் சார் வந்திருக்காங்க."

முன்னால் நின்ற பெரியவர் ஒருவர் பணிவாகக் கேட்டார். "லேசாத் தொட்டாப் போதுமா சார், இல்ல கட்டிப்பிடிக்கணுமா?"

"எனக்கு ஒரு சந்தேகம்" என்றாள் பின்னாலிருந்த பெண். "அவர் வரமாட்டேங்கிறார். நான் மட்டும் தொட்டாச் செல்லுமா?"

வாசலுக்கு வெளியே ஒரு வக்கீல் மடக்கு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்.

கண்காணிப்பாளருக்கு முகம் சிவந்துவிட்டது. "வீட்ல பேசித் தீர்க்கத் துப்பில்ல. கல்லு வந்து தீர்த்து வைக்கணுமா?" என்று வரிசையின் நீளத்துக்கும் கத்திக்கொண்டே நடந்தார். யாரும் நகரவில்லை. வீட்டில் இதைவிடப் பெரிய சத்தம் கேட்டுப் பழகியவர்கள்.

ஒரு வாரம் ஆகியும் வரிசை குறையவில்லை. பெயின்டர் மறுபடி வந்தார். 'பிரிவர்' என்பதை அழித்துவிட்டு 'பிரிந்திருந்தாலும் சேர்வர்' என்று எழுதினார். இனி ஒரு ஆள் வரமாட்டான் என்று கண்காணிப்பாளர் கையைத் தட்டிக்கொண்டார்.

மறுநாள் இரண்டு வரிசை நின்றது. பிரிந்து போனவர்கள் சேர்வதற்காக வந்திருந்தார்கள். முன்பே தொட்டுவிட்டுப் போனவர்கள் நியாயம் கேட்க வந்திருந்தார்கள்.

"போன வாரம்தான் சார் தொட்டேன். இப்ப அது கேன்சலா?"

"நீங்க கொஞ்சம் தள்ளுங்க. உங்க கை பட்ட இடத்துல நான் தொட்டா எது பலிக்கும்?"

வக்கீல் எழுந்து வந்தார். "திடீர்னு இப்படி மாத்துனா எப்படி சார்? என்னை நம்பி எத்தனை பேர் இருக்காங்க."

ஒருவர் சிங்கத்தின் வாலைப் பிடித்து இழுத்தார். இன்னொருவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். கண்காணிப்பாளருக்குக் கண் மண் தெரியவில்லை. எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு வேலி மேல் ஏறினார். ஒரு கையால் போர்டைப் பிடுங்கினார். பிடிமானத்துக்கு இன்னொரு கையால் சிங்கத்தைப் பிடித்தார்.

போர்டு ஒரு கையில் வந்தது. இடது காது மறு கையில் வந்தது.

கூட்டம் ஓர் அடி பின்னால் போனது.

"பொய்" என்று கத்தினார். குரல் கிழிந்தது. "எல்லாம் பொய். நம்பிக்கையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. உங்களை விரட்டறதுக்கு நான் கட்டிவிட்ட கதை. இது கல்லு. வெறும் கல்லு. தொட்டா ஒண்ணும் ஆகாது. போங்க. அவங்கவங்க வீட்ல அவங்கவங்க தலையெழுத்தோட கிடங்க."

ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். வக்கீல் மேஜையை மடக்கினார்.

கண்காணிப்பாளர் வேலியடியில் உட்கார்ந்து, மடியில் காதை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பாதை பெருக்கும் அம்மா வந்து துடைப்பத்தை வேலியில் சாய்த்தாள்.

"சார், தொட்டா பிரிவாங்கன்னு போர்டு வச்ச மறுநாள்லேர்ந்து ஒரு நாள் தவறாம வந்து தொட்டுட்டுப் போவாங்க ஒரு அம்மா, பொய்யுன்னு நீங்க சொன்னதும் அந்த மரத்தடியில அப்படியே உக்காந்துட்டாங்க, யாரும்மா நீங்கன்னு கேட்டா, உங்க சம்சாரமாம்."