செல்லம்மாவில் மிச்சம் இவ்வளவுதான்

வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் திறக்காமல் இருப்பதில் என்னை வெல்லப் பதுளையில் ஆள் கிடையாது. பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வெட்கப்பட்டு, இரண்டு தரிப்பிடம் தள்ளி இறங்கித் திரும்பி நடந்து வருகிறவள் நான். (அதனால் கால் மட்டும் நல்ல பலம்.)

நமுனுகுலப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த நாளில், நாங்கள் குடியிருந்த லயத்திலிருந்து யாராவது ஒருத்திதான் எல்லார் மருந்து அட்டையையும் எடுத்துக்கொண்டு மருந்துக்குப் போவாள். மருந்து கொடுக்கிற ஐயாவும் முகம் பார்க்காமல் ஆளுக்கொரு பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவார். மகன் என்னை டவுனுக்குக் கூட்டி வந்த பிறகும் அந்த வழக்கம் என்னை விடவில்லை.

அடுத்த வீட்டுச் செல்லம்மாவும் தோட்டத்துக்காரிதான். டவுனில் ஏறி இறங்க மலை இல்லை, பேக்கரியோ வாசலுக்கு எதிரே. ஆள் நன்றாகப் பருத்துவிட்டாள். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் பிரஷர் கிளினிக்.

"அக்கா, முழங்கால் குத்துது. என் கிளினிக் காட்டையும் போட்டு மருந்து எடுத்தாந்துருங்க," என்றாள்.

"குடு," என்றேன்.

ஆஸ்பத்திரியில் அப்போதுதான் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றியிருந்தார்கள். செல்லம்மாவின் பெயரை முதலில் கூப்பிட்டார்கள். மருந்துக்குத்தான் என்று நினைத்து எழுந்து போனேன். நர்ஸ் பிள்ளை என்னைத் தராசில் ஏற்றி, எடையைக் கம்ப்யூட்டரில் தட்டி, டாக்டரம்மா முன்னால் உட்கார வைத்துவிட்டாள்.

டாக்டரம்மா சின்ன வயசுப் பிள்ளை. திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"போன மாசம் எண்பத்திரண்டு கிலோ. இப்ப நாப்பத்தொன்னு. நடக்கச் சொன்னேனே, எவ்வளவு நடந்தீங்க?"

"தெனம் நடப்பேங்க," என்றேன். பொய் இல்லை.

"சாப்பாடு?"

"கொஞ்சந்தாங்க."

அவர் முகம் வெளுத்தது. நான் செல்லம்மா இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் நர்ஸிடம் வேகமாகப் பேசத் தொடங்கிவிட்டார். பெரிய படிப்புப் படித்தவர் பேசும்போது குறுக்கே பேசலாமா? முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். அவர் முடித்தபோது நான் சக்கர நாற்காலியில் இருந்தேன். வார்ட்டில் நிறுத்தப் போகிறார்களாம்.

அந்த நேரம் பார்த்து வெளியே மைக்கில், "பார்வதி, பார்வதி," என்று என் பெயரைக் கூப்பிட்டார்கள். உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். "ஆள் வரல்ல போல," என்று அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். ஒரு கிளினிக்கும் தவறவிடாத நான் அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கே வரவில்லை.

இதற்கிடையில் நர்ஸ், கம்ப்யூட்டரில் இருந்த நம்பருக்குப் போன் போட்டிருக்கிறாள். அது செல்லம்மாவின் புருஷன் முத்தையாவின் நம்பர். "உங்க வீட்டம்மா எடை பாதியா கொறஞ்சிருச்சு, ஒடனே வாங்க," என்றாளாம். மனுஷன் மரக்கறிக் கடையை அப்படியே போட்டுவிட்டு, கையில் ஒரு முட்டைக்கோவாவோடு ஓடி வந்தார்.

"காலையில அஞ்சு ரொட்டி தின்னாளேம்மா," என்று அழாத குறை.

நர்ஸ் என்னைக் காட்டினாள். வெட்கத்தில் நான் முந்தானையால் முகத்தை மூடியிருந்தேன். அவர் நாற்காலியைச் சுற்றி வந்து மேலும் கீழும் பார்த்தார்.

"டாக்டரம்மா, எங்க வீட்டுக்காரியில மிச்சம் இவ்வளவுதானா?"

அந்தக் குரலைக் கேட்டதும் முந்தானையை விலக்கினேன்.

"நாந்தான் தம்பி. செல்லம்மா வீட்டுல இருக்கு, முழுசா."

அவர் அந்தக் கோவாவை என் மடியில் வைத்துவிட்டுச் சுவரோடு உட்கார்ந்துவிட்டார். டாக்டரம்மா சிரிப்பதா ஏசுவதா என்று தெரியாமல், "ஏம்மா மொதல்லயே சொல்லல்ல?" என்றார்.

"நீங்க பேசிக்கிட்டு இருந்தீங்களேம்மா."

அடுத்த மாதம் கிளினிக்கில் அந்த எடையை அழிக்கப் போனபோது, "இருக்கட்டும்மா, கல்யாணத்தப்பகூட நான் அவ்வளவு மெலிவு இல்ல," என்று செல்லம்மா கெஞ்சினாளாம். தவறு என்று பக்கத்தில் எழுதிவிட்டார்கள்.

இப்போது அவளையும் இழுத்துக்கொண்டு விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றுகிறேன். திரும்பும்போது முத்தையா கடையிலிருந்து தவறாமல் கேட்பார்: "அக்கா, எங்க வீட்டுக்காரியில இன்னைக்கு எவ்வளவு மிச்சம்?"

இதற்கு மட்டும் எனக்கு வாய் தானாகத் திறக்கும்.

"இருக்கு தம்பி. தாராளமா ரெண்டு பேருக்குக் காணும்."