நாவல் மரத்தடிக் காவல்

இனி இந்த வீட்டில ஒருத்தரும் காதல் கதை வாசிக்கக்கூடாது எண்டு ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் சட்டம் போட்டன். காரணம் பெரிசாய் ஒண்டும் இல்லை. நாலு மணித் தேத்தண்ணி ஆறு மணிக்கு வந்தது. அதிலயும் சீனி இல்லை. சீனி போடவேண்டிய கை புத்தகத்தில இருந்தது.

புத்தகத்தின்ர பேர் ‘மாணிக்கவல்லியின் கொம்பன்’. மகள் மேனுகா நூலகத்தில எடுத்தவள். பதினேழு வயசுப் பிள்ளையளுக்கு எழுதின சரித்திரக் காதல் கதை, நடுவில ஒரு மர்மமும் இருக்காம். மேனுகா மூண்டு நாளில முடிச்சாள். பிறகு தாய் பிடிச்சுக்கொண்டா. என்ர மனிசி சிவனேஸ்வரிக்கு வயசு நாற்பத்தெட்டு.

"தாரும் அதை."

"முடியப்போகுதப்பா."

"ஒரு வரியும் இல்லை. பறிமுதல்!"

சண்டை வரும் எண்டு கதிரையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தன். வரேல்லை. குசினிக்குள்ள ஒருக்காப் போட்டு வந்து, புத்தகத்தை ரெண்டு கையாலயும் தந்தா.

"கட்டு விட்டுப்போச்சு, பத்திரமாய் வைச்சிருங்கோ. நீங்கள் வாசிச்சுப்போடாதேங்கோ, என்ன?"

"நானோ? எனக்கென்ன விசரோ?"

இந்த இடத்தில எங்கட மேட்டுக்காணியைப் பற்றியும் சொல்ல வேணும். அங்க அரை ஏக்கர் கச்சான், நிலக்கடலை எண்டும் சொல்லுவினம். குரங்குகள் பகலில வந்து இழுத்து இழுத்துத் தின்னுது. இந்த வருஷமும் கச்சான் குரங்குக்குத்தான் எண்டால் மேனுகாவின்ர ரியூசனை நிப்பாட்டத்தான் வேணும். ஆராவது போய்க் காவல் இருந்தால் போதும். அந்த ஆராவது நான்தான் எண்டு சிவனேஸ்வரி ரெண்டு மாசமாய்ச் சொல்லுறா. முழங்கால் நோ எண்டு நானும் ரெண்டு மாசமாய்ச் சொல்லுறன்.

அடுத்தநாள் காலமை, அந்தப் புத்தகத்தில அப்பிடி என்னதான் கிடக்கு எண்டு ஒரு பக்கம் பாத்தன். வன்னி ராசா ஒருத்தர் ஒல்லாந்தருக்குத் திறையாய்க் கொம்பன் யானை அனுப்ப வேணும். விடியப் பாத்தால் யானை களவு போச்சுதாம். எனக்குக் கோவம் வந்துட்டுது. எங்கட காணிக்குள்ள வாற யானை வெடி கொளுத்தினாலும் அசையாது. இவை ஒரு கொம்பனையே ஒருத்தருக்கும் தெரியாமக் கொண்டுபோட்டினமாம்! எப்பிடி எண்டு பாக்காமல் விடக்கூடாது எண்டு ரெண்டாம் பக்கத்தைத் திருப்பினன்.

வீட்டில வாசிக்க ஏலுமோ? சட்டம் போட்டவன் நான். முழங்கால் சட்டெண்டு சுகமாச்சுது.

"காவலுக்குப் போறன்," எண்டன்.

"ஓம், போட்டு வாங்கோ."

போத்திலில தேத்தண்ணி நிரப்பி வாசலில வைச்சிருந்தா. சீனியும் போட்டிருந்தது. எப்ப ஊத்தினவா எண்டு நான் யோசிக்கேல்லை.

காணி மூலையில ஒரு நாவல் மரம். அதுக்குக் கீழ இருந்து நாவல் வாசிச்சன். மேல இருந்தும் நாவல் விழுந்தது. மாணிக்கவல்லி யானைப்பாகன்ர மகள். குமரன் ஓலை எழுதுற பெடியன். ரெண்டு பேரும் சேர்ந்து யானையைத் தேடுகினம். அவன் அவளின்ர கையைப் பிடிக்க எழுபது பக்கம் எடுத்தான். பிடிச்சவுடன நான் எழும்பிக் கைதட்டினன். குரங்கெல்லாம் ஓட்டம்.

பக்கத்துக் காணி ராக்காயி வேலியால எட்டிப் பாத்தா. "என்னாண்ணே, தனியா கை தட்டுறீங்க?"

"குரங்கு கலைக்கிறன் ராக்காயி."

"கண்ணெல்லாம் கலங்கியிருக்கே?"

"தூசி."

எட்டாம் நாள், ஒல்லாந்தக் கப்பித்தான் எல்லாரையும் வரிசையில நிப்பாட்டி, "கொம்பனை ஒளித்தவர் இங்கேதான் நிற்கிறார்!" எண்டான். பக்கத்தைத் திருப்பினன். அட்டை. கடைசி அத்தியாயத்தைக் காணேல்லை!

ஆரிட்டக் கேக்கிறது? நான் தான் அந்தப் புத்தகத்தை வாசிக்காத ஆளாச்சே. அண்டைக்குச் சாப்பிடேக்க மெல்லமாய்த் தொடங்கினன்.

"இஞ்சாரும், ஒரு யானை களவு போனால் ஆர் எடுத்திருப்பினம்?"

"எந்த யானை?"

"பொதுவாய் ஒரு யானை."

"கொம்பனோ, பிடியோ?"

"கொம்... எனக்கென்ன தெரியும்?"

"அப்ப பொலிசில போய்ச் சொல்லுங்கோ. கறி விடட்டோ?"

மேனுகா அறைக்குள்ள இருமினாள். கனநேரம் இருமினாள்.

துப்பு எங்கயாவது கிடக்கும் எண்டு திரும்ப முதலாம் பக்கத்தில இருந்து தொடங்கினன். விடியவே காணிக்குப் போனன். பொழுதுபட வந்தன். குமரனைச் சந்தேகப்பட்டன். கப்பித்தானைச் சந்தேகப்பட்டன். ஒரு கட்டத்தில யானையையே சந்தேகப்பட்டன். மூண்டாந்தரமும் வாசிச்சு முடிய, கச்சான் முத்திப்போச்சு. பிடுங்கினம். போன வருஷம் குரங்கு மிச்சம் விட்டது ரெண்டு மூட்டை. இந்த வருஷம் பதினொண்டு.

அண்டைக்குச் சரியாய் நாலு மணிக்குத் தேத்தண்ணி வந்தது. அவிச்ச கச்சானும் வந்தது. தட்டுக்குக் கீழ பதினாறு பக்கம் இருந்தது.

"என்னது இது?"

"கடைசி அத்தியாயம். அரிசி வாளிக்குள்ள கிடந்தது."

"எனக்கேன் இது?"

"அப்ப தாங்கோ."

"இல்லையில்லை, வைச்சிட்டுப் போம்!"

வாசிச்சன். கொம்பனை ஒளிச்சது மாணிக்கவல்லிதான்! ஊர் முழுக்கக் காட்டுக்குள்ள அலைய விட்டுப்போட்டு, தானும் கூட நிண்டு தேடியிருக்கிறாள். எனக்கு அவளில சந்தேகமே வரேல்லை. அவ்வளவு அமைதியான பிள்ளை.

கதை முடிஞ்ச இடத்துக்குக் கீழ பென்சிலால ஒரு வரி இருந்தது. சிவனேஸ்வரியின்ர எழுத்து.

"முதலாம் பாகம் கச்சானுக்கு. ரெண்டாம் பாகம் உழுந்துக்கு."

உழுந்து விதைக்க ஐப்பசி மழை மட்டும் பொறுக்க வேணும் எண்டு அவா சொல்லுறா. கிணத்துத் தண்ணி இறைச்சு இப்பவே விதைப்பம் எண்டு நான்தான் கெஞ்சிக்கொண்டு நிக்கிறன்.