காருக்கு நாலு வாய்

மனைவியிடம் மூச்சு விடாமல் காரின் மூச்சை மாற்றியமைப்பது என்று ஒரு திங்கட்கிழமை காலை முடிவெடுத்தேன்.

வீட்டில் என் நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். ஊரார் பிழைகளை நான் திருத்துகிறேன். என்னை என் மனைவி திருத்துகிறாள். அவள் ஆஸ்பத்திரியில் செயற்கைச் சுவாசக் கருவிகளைப் பழுது பார்ப்பவள். எந்தக் குழாயில் காற்று ஒழுகினாலும் அவள் காதுக்கு எட்டிவிடும். பொய் ஒழுகினாலும்தான்.

எங்களிடம் ஒரு பழைய டர்போ கார். டர்போ என்றால் காற்றை அழுத்தி இஞ்சினுக்குள் திணிக்கும் விசிறி. அந்தக் காற்றுக்குத் திறந்து மூடும் கதவுதான் திராட்டில். நாலு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே திராட்டில். அதாவது நாலு வயிறு, ஒரு வாய். ஆளுக்கொரு வாய் வைத்துவிட்டால், ஆக்ஸிலரேட்டரில் காலை வைத்ததுமே வண்டி சீறிக்கொண்டு பாயும் என்று எங்கோ படித்துத் தொலைத்தேன். எனக்குத்தான் வீட்டில் வாய் கிடையாது. காருக்காவது நாலு இருக்கட்டுமே!

ஒரே ஒரு இடைஞ்சல். மூன்று தெரு தள்ளி இருக்கும் என் மைத்துனி நிறைமாத கர்ப்பிணி. அவள் கணவர் கப்பலில் வேலை. எந்தக் கடலில் இருக்கிறார் என்பது கடலுக்கே தெரியாது. பிரசவத்துக்கு எங்கள் கார்தான். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. எனக்கு வேண்டியது ஒரு நாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

பானெட்டைத் திறந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"என்னங்க பண்றீங்க?"

"ஆயில் மாத்தறேன்."

"எவ்வளவு நேரமாகும்?"

"ரெண்டு மணி நேரம்."

"சரி."

அந்த 'சரி'யைக் கேட்டதுமே நான் பானெட்டை மூடியிருக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை, தரையில் விரித்த பெட்ஷீட்டின் மேல் அறுபத்து மூன்று உறுப்புகள் இருந்தன. இன்னொரு தடவை எண்ணினேன். அறுபத்திரண்டு. மனைவி தங்கையைப் பார்க்கப் போயிருந்தாள். சுவருக்கு மேலே ஒரு தலை முளைத்தது. பக்கத்து வீட்டு பஸ்காரர். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"என்ன சார், ஆயில் மாத்தறீங்கன்னு வீட்ல சொன்னாங்க. ஆயிலைத் தவிர மிச்சமெல்லாம் வெளிய கிடக்கு?"

"மெதுவா பேசுங்க சார்!"

"திரும்ப மாட்டத் தெரியுமா?"

பதில் சொல்ல வாயெடுத்தபோது போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, இவளுக்கு வலி எடுத்துடுச்சு!"

பின்னணியில் "அம்மா..." என்று ஒரு அலறல். என் கையிலிருந்த ஸ்பேனர் கால் மேல் விழுந்தது. நானும் "அம்மா" என்றேன்.

"ஆம்... ஆம்புலன்ஸைக் கூப்பிடேன்."

"எதுக்கு? வாசல்ல நம்ம வண்டி நிக்குதே. முதல் பிரசவம், நேரமாகும். பன்னெண்டரைக்குள்ள வந்துடுங்க, போதும். வண்டி ரெடியாத்தானே இருக்கு?"

இப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"ரெடியாத்தான் இருக்கு" என்றேன்.

மணி ஒன்பதரை. மூன்று நாளாக முடியாத வேலைக்கு மூன்று மணி நேரம். பெட்ஷீட்டைச் சுற்றி முனகிக்கொண்டே நடந்தேன். யாருக்குப் பிரசவம் என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பஸ்காரர் சுவரேறிக் குதித்தார். அறுபத்து மூன்றாவது உறுப்பை அவர்தான் என் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். வாங்கி வைத்திருந்த நாலு திராட்டிலையும் இஞ்சினில் பொருத்தி, ஒரே கம்பியில் கோத்தோம். இஞ்சின் கம்ப்யூட்டருக்கு வேண்டிய புது அளவுகளை ஒரு மெக்கானிக் முன்பே ஏற்றித் தந்திருந்தார். இனி நாலு கதவும் ஒன்றுபோலத் திறக்க வேண்டும். மயிரிழை பிசகினாலும் வண்டி குலுங்கும். குலுங்கினால் உள்ளே இருப்பவள் கதி?

இஞ்சினை ஓட விட்டு, ஒவ்வொரு வாயிலும் ரப்பர் குழாயின் ஒரு முனையை வைத்து, மறுமுனையைக் காதில் வைத்தேன். மூன்று வாய் 'ஸ்ஸ்' என்றது. நாலாவது விசிலடித்தது. ஸ்குரூவைத் திருகினேன். நாலாவது அடங்கியது, இரண்டாவது ஆரம்பித்தது. வியர்வை கண்ணில் இறங்க, நாலையும் ஒரு சுருதிக்குக் கொண்டுவருவதற்குள் மணி பதினொன்றே முக்கால்.

நாலு வாய்க்கும் காற்றைப் பங்கிடும் பெட்டியை மேலே மாட்டி, டர்போவின் குழாயை அதில் செருகினோம்.

"மெதுவா மிதிங்க சார்" என்றேன், டிரைவர் சீட்டில் ஏறிய பஸ்காரரிடம்.

முப்பது வருஷம் பஸ் மிதித்த கால் அது. டப்! குழாய் கழன்று தெருவில் போய் விழுந்தது. அதே நேரம் போன்.

"இன்னும் கிளம்பலையா?"

"இதோ... கொஞ்சம் காத்து..."

"காத்து ஒழுகுதா? கால் பம்பால பெட்டிக்குள்ள காத்தடிச்சு, மூட்டு மூட்டா சோப்புத் தண்ணி தடவுங்க. நுரை வர்ற இடத்துல கிளிப்பை இறுக்குங்க."

"சரி... ஆனா நான் ஆயில்தான்..."

"தெரியும். ஆயில் மாத்தினா அப்படித்தான் நுரைக்கும்."

யோசிக்க நேரமில்லை. சோப்பைத் தடவினேன். இரண்டு இடத்தில் நுரைத்தது. இறுக்கினேன். சாவியைத் திருப்பியதும் இஞ்சின் பூனைபோல் உறுமியது. பன்னிரண்டு இருபது! பஸ்காரர் என்னைக் கட்டிப் பிடித்தார். இரண்டு பேர் சட்டையும் கறுப்பு.

மூன்று தெருவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஆமை வேகத்தில் கடந்தேன். ஒவ்வொரு பள்ளத்திலும் ஏதாவது கழன்று விழுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு போனேன். மைத்துனி வீட்டு வாசலில் பாய்ந்து இறங்கினேன்.

"தூக்குங்க! பின் சீட்ல படுக்க வைங்க!"

படுக்க வைக்க யாருமில்லை. மைத்துனி கூடத்தில் சாய்ந்து உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் என் மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பரவாயில்லையே. அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்துட்டீங்க."

"வலி?"

"வரும்போது வரும் மாமா" என்றாள் மைத்துனி. "இன்னிக்கு அக்கா சும்மா கத்தச் சொன்னா. நல்லா கத்தினேனா?"

எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாக, கண்ணில் தண்ணீர் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"இப்படி ஏமாத்தலாமா? என் உயிரே போயிடுச்சு!"

"திங்கக்கிழமை ராத்திரியே பெட்ஷீட்டைப் பார்த்தேன். 'முடிச்சிடுங்க'ன்னு சொல்லியிருந்தா இவ குழந்தை பள்ளிக்கூடம் போறப்பதான் முடிச்சிருப்பீங்க" என்றாள் மனைவி. குரலில் கோபமில்லை. "நிஜமா வலி எடுக்கற அன்னிக்கு நான் யாரை நம்பி இவளைக் கூட்டிட்டுப் போறது?"

அவள் கையை நீட்டினாள். சாவி தானாகவே அவள் கைக்குப் போயிற்று.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு வர்றேன்."

தெருமுனை வரை மெதுவாகத்தான் போனாள். பிறகு அழுத்தியிருக்கிறாள். நாலும் ஒரே குரலில் சீறிய அந்தச் சத்தம், நான் கனவில் கேட்டதைவிட நன்றாக இருந்தது. கூடவே அவள் சிரிப்பும் கேட்டதுபோல் இருந்தது. சத்தம் தேய்ந்து மறைந்தது. பத்து நிமிஷம் வாசலிலேயே நின்றேன். அரை மணி ஆயிற்று.

"மாமா, உக்காருங்க. அவ இப்போதைக்கு வர மாட்டா" என்று மைத்துனி முறத்தை என் பக்கம் தள்ளினாள். "இன்னும் ஒரு கிலோ பட்டாணி இருக்கு."