தம்ளரும் ஓட்டைச் சக்கரமும்

உலகத்தில் உள்ள மெக்கானிக்குகள் எல்லாரும் வண்டியை ஓட வைக்கப் பிறந்தவர்கள். நிற்க வைப்பதற்கென்றே ஆண்டவன் ஒருத்தரை அனுப்பினான். அவரை ஜவ்வாது மலை அடிவாரத்தில் இறக்கிவிட்டான்.

அவர் பெயர் யாருக்கும் தெரியாது. ஊரே ‘தம்ளர்’ என்றுதான் சொல்லும். மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு தகரக் கொட்டகை. பிரேக் வேலை மட்டும்தான் பார்ப்பார். ஒருத்தர் ஹாரன் அடிக்கவில்லை என்று வந்தார். “ஹாரன் எதுக்கு நைனா? நிக்க மனசில்லாதவனுக்குத்தான் அது” என்று திருப்பி அனுப்பிவிட்டார். மேலே மூன்றாவது வளைவில் லாரி பிரேக் பிடித்தால், இங்கே கண்ணை மூடியபடி மூக்கை உறிஞ்சி, “இடது பக்கம், பின் சக்கரம்” என்பார். கொஞ்ச நேரத்தில் லாரி இறங்கி வரும். அதே சக்கரம் புகைந்துகொண்டிருக்கும்.

எந்த வண்டி வந்தாலும் எவர்சில்வர் தம்ளரில் அரை விரல் குறையத் தண்ணீர் ஊற்றி, அதை மடியில் பிடித்துக்கொண்டு முன் சீட்டில் ஏறுவார். சாலையைப் பார்க்க மாட்டார். தண்ணீரையே பார்ப்பார். அதில் எழுகிற வளையத்தை வைத்தே எந்தச் சக்கரத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவார். அப்படி வந்ததுதான் அந்தப் பெயர்.

நான் படவேட்டில் கோயில் வாசலில் தேங்காய், பூ விற்கிறவன். எனக்கு ஜெர்மன் கார் வந்தது அம்மன் செயல். வருஷம் தவறாமல் என்னிடம் மாலை வாங்குகிற வேலூர் டாக்டர், கண் மங்கிப் போனதும், “நீயே வெச்சிக்கோப்பா” என்று தன் இருபது வருஷத்து வண்டியைக் கொடுத்துவிட்டார். ஏறும்போது கப்பல் மாதிரி போகும். இறங்கும்போது பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் சாமி வந்தது போல ஆடும்.

மகள் ஜமுனாமரத்தூரில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு அங்கே வேலை. ஒன்பதாம் மாசம் வளைகாப்பு முடிந்து, வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் அவளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வரவேண்டும். பஸ் என்றால் வளைவுக்கு வளைவு அவளுக்குக் குமட்டும். இந்த வண்டியை விட்டால் வேறு வழியில்லை. பத்து நாள் முன்னதாகவே தம்ளரிடம் போனேன்.

ஒரு வளைவு இறங்கியதுமே தம்ளர் தண்ணீர் அவர் வேட்டியை நனைத்தது. கொட்டகைக்கு வந்து சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே வண்டியோடு சுற்றுகிற இரும்புத் தட்டைக் காட்டினார். பிரேக் மிதித்தால் இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிறது இந்த டிஸ்க்கைத்தான்.

“நெளிஞ்சி போச்சு நைனா.”

“லேத்துல கடைஞ்சி போட்டா ஆவாதாண்ணா?”

“கடையறதுக்கு ஒடம்புல சதை வோணும் இல்ல? வெறும் எலும்பா நிக்குது. வேலூர் போய் சேசிஸ் நம்பரைச் சொல்லி வாங்கு. இதே வண்டிக்கு ரெண்டு அளவு வருது. சாதா தட்டா வாங்கினு வா.”

சேசிஸ் நம்பரைச் சரியாகத்தான் சொன்னேன். ஆனால் கடைக்காரர் சாதா தட்டோடு இன்னொன்றையும் எடுத்து வைத்தார். அளவு அதேதான். முகமெல்லாம் ஓட்டை, நடுவிலிருந்து வளைந்து வளைந்து ஓடுகிற கோடு. பெருமாள் கைச் சக்கரமே இறங்கி வந்து மேசையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. என்னையறியாமல் கும்பிட்டேன். அப்புறம் சாதா தட்டை யார் பார்ப்பார்கள்?

முன் சக்கரம் இரண்டுக்கும் ஒரு ஜோடி வாங்கி, நேராக அம்மன் சன்னதிக்குக் கொண்டுபோனேன். காலடியில் வைத்து, எண்ணெய் தடவி, சந்தனம் குங்குமம் இட்டு, மணக்க மணக்கத் தம்ளரிடம் நீட்டினேன்.

அவர் ஒரு தட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா இது பளபளன்னு?”

“வெளக்கெண்ணெய்ண்ணா. சுத்தமானது.”

அப்படியே பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். “வண்டி நிக்க வேண்டிய எடத்துல எண்ணெய் தடவுனவன் இந்த ஜில்லாவுல நீ ஒருத்தன்தான்யா.”

“தொடச்சிட்டா போச்சு.”

“எண்ணெயைத் தொடச்சிடலாம். ஓட்டையை இன்னா பண்ணுவ? மலையில சூடு ஏறி ஏறி ஓட்டைக்கு ஓட்டை கீறல் வுடும். ரேஸ் வுடறவன் ரெண்டு நாள்ல கழட்டிப் போட்டுடுவான். நீ இதுல இன்னா ஏத்தினு வரப் போற?”

“பொண்ணை.”

“ரெண்டு உசுரை” என்றார். “போய் சாதா தட்டு வாங்கினு வா.”

“சாமிகிட்ட வெச்சி எடுத்ததை எப்படிண்ணா வேணாம்னு திருப்பிக் குடுக்கறது? புள்ளத்தாச்சி விசயம்.”

அவர் சுத்தியலை எடுத்தார். சுவரில் பிள்ளையார் காலண்டருக்கு இரண்டு பக்கமும் ஆணி அடித்து, ஓட்டைச் சக்கரங்களை மாட்டினார். “திருப்பித் தர வேணாம். இங்கயே நிக்கட்டும். நம்ம கடையில நிக்கறதுதான் வேலை.”

அன்று கடையில் பார்த்த சாதா டிஸ்க் அதற்குள் விற்றுப்போய், வேறு ஜோடி வியாழக்கிழமைதான் கிடைத்தது. கம்பெனிக்காரன் துருப் பிடிக்காமல் இருக்கப் பூசியிருந்த எண்ணெயைக்கூட, குளித்த குழந்தையைத் துவட்டுவது போல் துடைத்துத் துடைத்து எடுத்தார். என் கை குங்குமத்தை நோக்கிப் போவதைப் பார்த்துவிட்டு, “டயருக்கு எலுமிச்சம்பழம் வெச்சிக்க. அதோட சரி” என்றார்.

வெள்ளிக்கிழமை கிளம்பும்போது, கூப்பிடாமலே தண்ணீர்த் தம்ளரோடு முன் சீட்டில் ஏறிக்கொண்டார். மேலே போய் மகளைப் பின் சீட்டில் சாய்த்துப் படுக்க வைத்து இறங்கத் தொடங்கினோம். மலையை மேகம் மூடியிருந்தது. சாலை பத்தடிக்கு மேல் தெரியவில்லை. மெதுவாக மிதித்தேன். ஸ்டியரிங் ஆடவில்லை. வண்டி பஞ்சில் கால் வைத்து இறங்குவது போல இருந்தது. ஜன்னல் வழியாக வந்த மேகம் எங்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் பயணம் செய்து, இறங்கிப் போனது. மேகம் விலகிய இடத்தில் தம்ளருக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரு துண்டு வானமும் புளியமரக் கிளைகளும் அலுங்காமல் இறங்கி வந்துகொண்டிருந்தன. நான் வாய்க்குள் அம்மன் பேரைச் சொன்னபடி இருந்தேன். எத்தனை வளைவு கடந்தோம் என்று எண்ணவும் மறந்துபோனேன்.

கொட்டகை வாசலில் நிறுத்தினேன். மகள் கண் விழித்தாள்.

“இன்னும் கெளம்பலையாப்பா?”

தம்ளர் சிரிக்கவில்லை. மடியில் இருந்த தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். அந்தத் தண்ணீரை அவர் குடித்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். வழி முழுக்க அவருக்கும் தொண்டை வறண்டிருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

பேத்திக்குப் பெயர் வைக்கிற விழாவுக்கு அழைக்கப் போனபோது, “உங்க பேரு இன்னாண்ணா?” என்று கேட்டேன். “தம்ளர்னே கூப்புடு, திரும்பிப் பாப்பேன்” என்றார்.

போன வருஷம் முழங்கால் வலி வந்து, ஓசூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். மலை ஏறுமுன் கொட்டகையில் நிறுத்தி, அந்தச் சக்கரங்களுக்கு ஆளுக்கொரு பூ வைத்துவிட்டுப் போகிறேன். இறங்கும்போது முன்பக்கம் ஒரு தம்ளரில் தண்ணீர் வைத்துக்கொள்கிறேன். பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது. அவர் உட்கார்ந்து வந்த சீட்டை வெறுமனே விட்டு இறங்க மனசு வரவில்லை.